கரப்பான் உள்ள பிள்ளையை வளர்ப்பது: ஒரு டெய்லரின் அளவு நோட்டிலிருந்து

சின்னாளப்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் யூனிஃபார்ம். என் இளைய மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கன்னம் சிவந்து தொடங்கியது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து. இப்போது அவளுக்கு 9 வயது. ஊரில் கரப்பான் என்பார்கள். டாக்டர் சீட்டில் அடாபிக் டெர்மடைடிஸ் என்று இருக்கும். எக்சிமா என்றும் சொல்வார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, என் பேத்திக்கும் இப்படித்தான். நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். மெஷினை நிறுத்தித் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை வீட்டில் தினமும் எப்படி நடத்துவது என்பது மட்டும்தான் என் பாடம்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். மகளுக்குக் கரப்பான் வந்ததும் என் அம்மா, "வயித்துல இருக்கும்போது கருவாடு தின்னா, அதான்" என்று என் மனைவியைச் சொன்னார். மனைவி இரண்டு வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு அழுதாள். மதுரையில் நாங்கள் பார்த்த தோல் டாக்டரம்மா அம்மாவையே எதிரில் உட்காரவைத்து விளக்கினார். தோலின் மேல்பரப்பை நெருக்கமாக வைத்திருக்க ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணுவில் குறை இருந்தால் இந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும் கருவாட்டுக்கு இதில் பங்கில்லை. எனக்கு என் தொழில் வழியாகத்தான் இது புரிந்தது: இழை நெருக்கம் இல்லாத துணி மாதிரியான தோல். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடும், வெளியிலிருக்கும் தூசியும் சோப்பும் வியர்வையும் உள்ளே இறங்கி எரிச்சலைக் கிளப்பும். அரிக்கும், சொறிந்தால் இழை இன்னும் பிரியும், இன்னும் அரிக்கும்.

அதனால் வேலை இரண்டுதான். ஈரத்தை உள்ளேயே நிறுத்துவது, கிளம்பிய எரிச்சலை மருந்தால் அடக்குவது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறக் குறையும். அதுவரை தினமும் செய்ய வேண்டியதுதான். "ஒரே மாதத்தில் வேரோடு போக்குகிறோம்" என்ற போர்டைப் பார்த்து நான் தொலைத்த பணத்தில் இன்னொரு மெஷின் வாங்கியிருக்கலாம்.

குளியலும் களிம்பும்

குளியலை நிறுத்த வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிஷம். கொதிக்கக் காய்ச்சிய வெந்நீர் அந்த நேரத்துக்கு அரிப்புக்குச் சுகமாக இருக்கும். அரை மணியில் இரண்டு மடங்காகத் திரும்பும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம், அதுதான் தப்பு. வாசனை இல்லாத, டாக்டர் சொன்ன சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று வேண்டிய இடத்தில் மட்டும் போடுகிறோம். பயத்தமாவு, நலங்கு மாவு, சீயக்காய், நார், பீர்க்கங்கூடு எதையும் அவள் தோலில் தேய்ப்பதில்லை. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிய அன்று பிள்ளை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. வெடித்த தோலில் எது பட்டாலும் எரியத்தானே செய்யும்?

துடைக்கும்போது துண்டை ஒற்றி எடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். மேலே லேசாக ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், ஈரம் காக்கும் களிம்பு. குளியலறை வாசலிலேயே ஆணி அடித்துக் களிம்பு டப்பாவைத் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே பீரோவில் இருந்தால் மூன்று நிமிஷம் தேடுவதிலேயே போய்விடும்.

எவ்வளவு பூசுவது? நான் பல வருஷம் கோட்டைவிட்டது இங்கேதான். பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தேன். உடம்பெங்கும் கரப்பான் உள்ள பிள்ளைக்கு ஈரக் களிம்பு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும் என்பது இங்கிலாந்தின் நைஸ் என்ற அமைப்பு தரும் அளவு. அரைக் கிலோ! சின்ன ட்யூபாக வாங்கினால் கட்டுப்படியாகாது. டாக்டரிடம் கூச்சப்படாமல், "பெரிய டப்பாவாக, விலை குறைந்ததாக எழுதுங்கள்" என்று கேளுங்கள். சாதாரண வெள்ளை வாசலின், லிக்விட் பாரஃபின் இதெல்லாம் மலிவுதான், நன்றாகவே வேலை செய்யும். விலை அதிகமான களிம்பைப் பார்த்துப் பார்த்துப் பூசுவதைவிட மலிவான களிம்பை அள்ளிப் பூசுவது மேல்.

தேங்காய் எண்ணெயைப் பலரும் கேட்பார்கள். வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெய் பல பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளுக்கு 8 வாரம் பூசிப் பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், லேசான, நடுத்தரக் கரப்பானுக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாக உதவியது. ஆனால் எரிச்சல் கிளம்பிச் சிவந்த இடத்துக்கு எண்ணெய் மட்டும் போதாது. அங்கே மருந்துதான்.

ஒரு எச்சரிக்கை, பலரும் சொல்லாதது. பாரஃபின் களிம்பும் எண்ணெயும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுவதும் போகாது. களிம்பு பூசிய பிள்ளையை அடுப்பு, குத்துவிளக்கு, மத்தாப்பு பக்கத்தில் தனியாக விடாதீர்கள். தீபாவளி அன்று எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு மகளுக்குத் தனி உடுப்பு. கம்பி மத்தாப்பை நீளக் குச்சியில் கட்டித்தான் கொடுப்பேன்.

ஸ்டீராய்டு பயம்

இரண்டு விதமான தப்பு உண்டு, நான் இரண்டையும் செய்தேன்.

முதல் தப்பு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. அவளுக்கு 2 வயது இருக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த களிம்பில் மூன்று நாளில் கன்னம் பளிங்கு மாதிரி ஆனது. நிறுத்தியதும் முன்னைவிடச் சிவந்து வந்தது. திரும்பப் பூசினோம். பிறகுதான் தெரிந்தது, அது மிக வலுவான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த களிம்பு. இந்த மாதிரிக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கவுன்டரில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. முகம், கண்ணிமை, தொடை இடுக்கு இங்கெல்லாம் தோல் மெல்லிசு. அங்கே போட வேண்டிய மருந்து வேறு, முழங்காலுக்குப் பின்னால் போடுவது வேறு. எங்கள் டப்பாக்களில் பிளாஸ்திரி ஒட்டி "முகம்", "கை கால்" என்று எழுதியிருக்கிறேன், அம்மாவும் குழம்பாமல் எடுப்பதற்காக.

இரண்டாவது தப்பு, அந்த அனுபவத்துக்குப் பிறகு ஸ்டீராய்டு என்றாலே பயந்தது. டாக்டரம்மா எழுதிய சரியான மருந்தையும் கடுகளவுதான் தொட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது பழைய ட்யூபைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "இது பத்து நாள்ல தீர்ந்திருக்கணும். நீங்க மருந்து போடலை, மருந்தைத் தோலுக்கு அறிமுகம் செஞ்சு வச்சிருக்கீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அளவு சொல்லிக் கொடுத்தார். நமக்குச் சாண், முழம் மாதிரி இதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அளவு இடத்துக்குப் போதும். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு கால் முழுவதும், பாதத்தோடு சேர்த்து, கரப்பான் இருந்தால் அப்படி 3 விரல். 6 முதல் 10 வயதில் நாலரை. இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. கொஞ்சம், நிறைய என்றால் பயமாக இருக்கும். அளவு என்று வந்துவிட்டால் டெய்லருக்கு என்ன பயம்?

சிவந்து தடித்த இடத்தில் மட்டும், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும். அடங்கியதும் அவர் சொல்கிறபடி குறைப்பது. சீக்கிரம் நிறுத்தினால் அடியில் தணல் மிச்சம் இருக்கும், ஒரு வாரத்தில் திரும்பப் பற்றும். மருந்துக்கும் ஈரக் களிம்புக்கும் நடுவில் அரை மணி இடைவெளி விடுகிறோம். முகத்துக்கு இப்போது டாக்ரோலிமஸ் என்று ஸ்டீராய்டு இல்லாத களிம்பு தந்திருக்கிறார்கள். முதல் சில நாள் சுரீரென்று எரியும். அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பூசினால் அடுத்த நாள் ஓடி ஒளிந்துகொள்வாள்.

துணி, என் பேட்டை

புதுத் துணியை அப்படியே போடாதீர்கள். அதில் கஞ்சியும் சாயமும் இருக்கும். இரண்டு தண்ணீர் அலசிக் காயவைத்துப் பிறகு தையுங்கள், அல்லது உடுத்துங்கள். வீட்டுத் துணிக்கும் சோப்புத்தூளைக் குறைத்து ஒரு தடவை கூடுதலாக அலசினால் நல்லது. வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் திரவம் வேண்டாம்.

கழுத்தில் இருக்கும் லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டினால் மிச்சமிருக்கும் முனை குத்தும். பிளேடால் தையலையே பிரித்து எடுங்கள். ரெடிமேடு உடுப்பின் உள்பக்கம் ஓவர்லாக் அடித்த நூல் பெரும்பாலும் செயற்கை இழை, அரம் மாதிரி. உள்ளாடையைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், தையல் வெளியே போகட்டும். வீட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? இடுப்பு எலாஸ்டிக் அழுத்துகிற கோட்டிலேயே கரப்பான் வளையம் போட்டு உட்காரும். அதைப் பிரித்துவிட்டுப் பருத்தி நாடா கோத்துவிடலாம், எந்த டெய்லரும் கால் மணியில் செய்து தருவார்.

யூனிஃபார்ம்தான் தொல்லை. பாலியஸ்டர் கலந்த துணி, பள்ளிக்கூடம் சொன்னதை மாற்ற முடியாது. நான் உள்ளே மல் துணியில் லைனிங் கொடுத்துத் தைக்கிறேன். காலருக்குள் கேன்வாஸ் வைப்பதில்லை. விறைப்பு இல்லாவிட்டால் போகட்டும், கழுத்து உரசாது. சாக்ஸ் வாயை ஒரு சுற்று தளர்த்தலாம். பட்டுப் பாவாடை போட ஆசைப்பட்டால் பட்டில் தப்பில்லை, ஜரிகைதான் கீறும். ஜரிகை தோலில் படாமல் அடியில் ஒரு பருத்திப் பட்டை வைத்துத் தைத்தால் கல்யாண வீட்டில் இரண்டு மணி நேரம் தாங்கும்.

இதற்கெல்லாம் மேலாக நான் கண்டது எங்கள் ஊர்ச் சுங்குடி. அம்மா பத்து வருஷம் உடுத்தித் துவைத்து மெலிந்த பருத்திப் புடவை. அதைவிட மெத்தென்ற துணியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. மகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, வீட்டில் போடும் பாவாடை, துடைக்கும் துண்டு எல்லாம் அதுதான். உங்கள் வீட்டிலும் பாட்டியின் பழைய நூல் புடவை ஏதாவது இருக்கும். பாத்திரக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

ராத்திரி, அப்புறம் அந்த ஒரு வார்த்தை

கரப்பான் ராத்திரியில்தான் வேலையைக் காட்டும். மகள் தூக்கத்திலேயே சொறிந்து காலையில் விரிப்பில் ரத்தப் பொட்டு இருக்கும். கையுறை தைத்துப் போட்டேன், பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது மட்டும் கை நுனி மூடிய சட்டை பலன் தந்தது. இப்போது ஞாயிறு தோறும் நகம் வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுகிறோம். படுக்கும் முன் ஒரு தடவை களிம்பு. அரித்தால் ஈரத்துணி வைத்து ஒற்றி எடுப்பது. களிம்பைக் கொஞ்சம் ஃபிரிட்ஜில் வைத்திருந்து பூசுவது. தூக்கம் வரவைக்கும் அரிப்பு சிரப்பை டாக்டர் சில நாளைக்குத் தரலாம், அது தூங்கத்தான் உதவும். நானும் மனைவியும் முறை வைத்துக்கொண்டோம். 2 மணி வரைக்கும் அவள், அதற்குப் பிறகு நான். முறை இல்லாத காலத்தில் இரண்டு பேரும் விழித்து, இரண்டு பேரும் எரிந்து விழுவோம்.

"சொறியாதே!" ஒரு நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் 31. அவளுக்கு அப்போது 6 வயது. "நான் சொறியலப்பா, அதுவா சொறியுது" என்றாள். சொன்னதால் ஒரு தடவைகூட அரிப்பு நின்றதில்லை. நமக்குத் தெரியாமல் மேஜைக்கு அடியில் போய்ச் சொறியப் பழகினாள், அவ்வளவுதான்.

இப்போது அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை. கை தோலுக்குப் போகும்போது கைக்கு வேறு வேலை கொடுப்பேன். கடையில் ஒரு தகர டப்பா நிறையப் பட்டன் இருக்கிறது. "நாலு ஓட்டை வெள்ளையை மட்டும் பொறுக்கித் தா பாப்பா" என்பேன். பொறுக்கி முடிப்பதற்குள் அரிப்பின் உச்சம் தாண்டிவிடும். எப்போதும் தாண்டாது. தாண்டாவிட்டால் களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வருவாள், நான் மெஷினை நிறுத்துவேன். நகத்தால் சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதற்கும் பழக்கியிருக்கிறோம்.

சாப்பாடு

பத்தியம் என்று முட்டை, மீன், கத்தரிக்காய், கடலை, பால் எல்லாவற்றையும் அம்மா ஒரு வருஷம் நிறுத்திவைத்தார். கரப்பான் குறையவில்லை, எடையும் ஏறவில்லை. டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார். எங்களுக்கு எதுவும் ஆகவில்லை. சில குழந்தைகளுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, முட்டையும் பாலும் உண்மையிலேயே ஒவ்வாமல் போகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் என்று வந்தால் டாக்டரிடம் போங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாதபோது வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து நாமாக எதையும் எடுக்க வேண்டாம்.

பள்ளிக்கூடம்

ஒன்றாம் வகுப்பில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். வேறொரு பிள்ளையின் அம்மா புகார் சொன்னாராம். மகள் எங்களிடம் சொல்லவே இல்லை. பெஞ்ச் முழுக்கத் தனக்கே என்று பெருமையாகத் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அது தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. சண்டை போடப் போகாமல் சீட்டோடு போனேன். டாக்டரிடம் மூன்று வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இது தொற்றுநோய் அல்ல, தொட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பரவாது, பள்ளியில் களிம்பு பூச அனுமதிக்கவும். டீச்சரிடம் நான் கூடுதலாகக் கேட்டது: வெயில் விழும் ஜன்னலை விட்டு ஃபேன் பக்கம் உட்காரவைக்க, பி.டி. பீரியட் முடிந்ததும் வியர்வையைத் தண்ணீரில் கழுவ விட, போர்டு துடைக்கும் வேலை தராமல் இருக்க, வகுப்புக்கு நடுவில் "சொறியாதே" என்று சத்தம் போடாமல் இருக்க. டீச்சர் நல்ல மனுஷி, தெரியாமல்தான் செய்திருந்தார். அடுத்த நாளே இரண்டாவது பெஞ்ச்.

அரசுப் பள்ளி என்றால், மாணவர்களைப் பரிசோதிக்க ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும். 2013-ல் தொடங்கிய திட்டம். அவர்கள் பார்க்கும் நோய்ப் பட்டியலில் எக்சிமாவும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளைக்குப் பழக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாதான் ஒத்திகைக்கு ஆள். "ஐயோ, என்னடி கையில? அம்மையா? ஒட்டிக்குமா?" என்று ஊர்க்கிழவியாகவே மாறிக் கேட்பார், நடிக்கச் சிரமமே இல்லை. மகள் சொல்ல வேண்டியது ஒரே வரி: "இது கரப்பான். ஒட்டாது." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பத்துத் தடவை சிரித்துச் சிரித்துச் சொன்ன பிறகு பஸ்ஸில் ஒருவர் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தேன், மூடிக்கொண்டேன்.

எப்போது உடனே ஓட வேண்டும்

மஞ்சளாகப் பொருக்கு, நீர் கசிவு, சூடு, வலி, காய்ச்சல் என்றால் கிருமி ஏறியிருக்கிறது, அன்றைக்கே டாக்டர். ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகத் திடீரென்று வந்து, வலித்து, உடைந்து குழி விழுந்து, பிள்ளை சோர்ந்து காய்ச்சலும் அடித்தால் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு. ஹெர்பிஸ் கிருமி கரப்பானில் ஏறினால் அப்படி வரும், கண்ணுக்கு அருகில் என்றால் இன்னும் ஆபத்து. அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருக்கக்கூடாது. பிள்ளைக்கு மட்டுமல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி அரிக்கிறதா? அப்படியென்றால் சிரங்காக இருக்கலாம். அதற்கு மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து வேறு வைத்தியம்.

அளவு நோட்டு

டாக்டர், "போன தடவைக்கு இப்ப எப்படி?" என்பார். நமக்கு நேற்று ராத்திரி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஏழு கேள்வி வைத்திருக்கிறார்கள், போயம் என்று பெயர். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் அரித்தது, தூக்கம் கெட்டது, ரத்தம் வந்தது, நீர் கசிந்தது, வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டது. ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு நாள் 1, மூன்று நாலு 2, ஐந்து ஆறு 3, தினமும் என்றால் 4. கூட்டினால் அதிகம் போனால் 28. 7 வரைக்கும் லேசு, 8 முதல் 16 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. வாடிக்கையாளரின் மார்பு, இடுப்பு, உயரம் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஞாயிறு தோறும் இதை எழுதுகிறேன். இப்போது கேள்வியை நான் கேட்க, நம்பரை அவள் சொல்கிறாள். அவள் உடம்பு, அவளுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக் கணக்கைப் பார்த்ததில் எங்களுக்கு இரண்டு உச்சம் தெரிந்தது: கத்திரி வெயிலில் வியர்வையால் ஒன்று, மார்கழி வறட்சியில் ஒன்று. அதனால் அந்த மாதங்களுக்கு முன்பே ஒரு டப்பா கூடுதலாக வாங்கி வைக்கிறோம்.

போன ஞாயிறு 6. கத்திரி தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் கை இல்லாத சுங்குடிச் சட்டை நாலு தைக்க வேண்டும். துணி அலசிக் கொடியில் காய்கிறது.